வந்தவர் எத்தனை நாள் தங்குவார்?



திண்டுக்கல் ரோட்டோரம் நிலம் வைத்திருக்கும் நம் மணப்பாறை வட்டாரத்து விவசாயிகள் சிலர், "தோட்டத்தில் நாலு ரூம் கட்டிவிட்டால் சுற்றுலா ஜனங்கள் வந்து தங்குவாங்களா சார்?" என்று கேட்கிறார்கள். கடன் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டது நல்லது. விதைக்குமுன் மண்ணைப் பரிசோதிக்கிறோம் அல்லவா? அதுபோல, ஊர் பார்க்க வருகிறவர் எதனால் தங்குகிறார், எதனால் கிளம்புகிறார் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, தூரம். மதுரையிலிருந்து காரில் வருகிறவர் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறவர், செலவழித்து வந்ததற்கு நாலு நாளாவது இருக்கத்தான் பார்ப்பார். ஆனால் சொந்தக்காரர் வீடு இருந்தால் அவருக்கு லாட்ஜ் தேவைப்படாது.

இரண்டாவது, வந்த காரியம். வைகுண்ட ஏகாதசித் திருவிழா பகல்பத்து, இராப்பத்து என்று சுமார் மூன்று வாரம் நடக்கிறது. கூட்டமோ சொர்க்கவாசல் திறக்கும் நாளில்தான் அலைமோதுகிறது. தரிசனம் ஆனால் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

மூன்றாவது, பார்க்க இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்பது. மலைக்கோட்டை, திருவானைக்காவல், முக்கொம்பு, கல்லணை, 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, இத்தனையும் ஒரே பகலில் அடங்காது. எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால் ஓர் இரவு கூடும்.

நான்காவது, பருவமும் வசதியும். மார்கழி, தையில் தங்குகிற ஜனம் சித்திரை வெயிலில் தங்காது. சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தங்கச் சம்மதிக்கமாட்டார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2023-இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் இருக்கிறது. ஆனால் முறுக்கு வாங்க வண்டியை நிறுத்துகிறவர் ஐந்து நிமிஷம்தான் நிற்கிறார். மாட்டுச் சந்தைக்கு வருகிறவரும் மாடு கைமாறியதும் புறப்பட்டுவிடுவார்.

ஆகவே, ரூம் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் அந்த ஐந்து நிமிஷத்தை அரை நாளாக்கப் பாருங்கள். மரநிழல், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, வாழை இலைச் சாப்பாடு இவை போதும். கறவை பார்க்கவும், கடலை பிடுங்கவும் பட்டணத்துப் பிள்ளைகள் ஆசைப்படும். திருச்சி லாட்ஜ்களிலும் வாடகைக் கார் டிரைவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கூடவே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று ஒரு வருஷம் எழுதி வாருங்கள். "ராத்திரி தங்க இடம் உண்டா?" என்று கேட்டவர்களைத் தனியாகக் குறியுங்கள். அந்தக் கணக்கு தேறினால் ஒரே ஒரு ரூம் கட்டுங்கள். தேறாவிட்டால், நிலம் அடமானத்துக்குப் போகாமல் தப்பித்தது என்று வையுங்கள்.

ரூம் கட்டாதவருக்கும் இதில் லாபம் உண்டு. நாலு பேர் குடும்பம் திருச்சியில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால், இரண்டு வேளைக்கு எட்டு இலை. அந்த இலையும் காயும் பாலும் உங்கள் தோட்டத்திலிருந்து போக வழி தேடுங்கள்.