பிள்ளைகளின் வளர்ச்சியும் எச்.ஐ.வி. நோயும்
(கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



எச்.ஐ.வி. என்றதும் நம்மிற் பலருக்கு முதலில் தோன்றுவது பழிச்சொல். அந்நோயுடன் பிறக்கும் குழந்தையோ எப்பழியும் அறியாதது. 2023ஆம் ஆண்டில், பதினைந்து வயதுக்குட்பட்ட சுமார் 14 இலட்சம் பிள்ளைகள் அக்கிருமியுடன் வாழ்ந்தனர். பெரும்பாலார் ஆபிரிக்கப் பிள்ளைகள். தாயிடமிருந்தே அதனைப் பெற்றவர்கள். அவர்தம் எலும்பும் தசையும் படும் பாட்டையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இக்கிருமி நோயெதிர்ப்புச் சக்தியை அழிப்பதோடு அமைவதில்லை. உடலில் ஓயாத அழற்சியையும் மூட்டுகின்றது. எலும்பு இடையறாது கரைந்து, மீண்டும் கட்டப்படுவது. அழற்சியோ கரைக்கும் உயிரணுக்களையே தூண்டிவிடுகின்றது. வயிற்றோட்டமும் பசியின்மையும் உணவின் சத்தை உடலிற் சேரவிடுவதில்லை. அந்நிலையில் உடல் தன் தசையையே கரைத்து உயிர் காக்கின்றது. தசையின் இழுவிசையே எலும்பை உரப்படுத்துவது. ஆதலின் தசை மெலிய, எலும்பும் மெலிகின்றது. பிள்ளை வயதுக்கேற்ற உயரம் பெறுவதில்லை, பருவமடைவதும் பிந்துகின்றது.

மனிதனின் எலும்புச் செல்வத்தின் பெரும்பங்கு பருவமடையும் ஆண்டுகளையொட்டியே சேர்கின்றது. கதிர் ஈனும் பருவத்தில் நீரின்றி வாடிய வயலுக்குப் பின்னர் குளத்தையே திறந்துவிட்டாலும் பதர் நெல்லாகாது. இதனை உழவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. காலந்தாழ்த்தி மருந்து பெற்ற பிள்ளை உயிர் பிழைக்கும், எடையும் கூடும். ஆனால், இழந்த உயரம் முழுவதும் மீள்வது அரிது.

காலத்தே கொடுத்த மருந்து உயிரையும் காக்கும். பிறந்த சில வாரங்களிலேயே சிகிச்சை தொடங்கிய குழந்தைகளிடையே மரணம் 76 சதவீதம் குறைந்ததெனத் தென்னாபிரிக்க ஆய்வொன்று 2008இல் காட்டிற்று. டெனோஃபோவிர் மருந்தின் பழைய வடிவம் எலும்பின் செறிவைச் சிறிது குறைக்கவல்லது என்பது மெய்யே. அதற்கஞ்சிச் சிகிச்சையைக் கைவிடுதல் பேதைமை; வைத்தியர்களிடம் மாற்று மருந்துகள் உள.

தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடென இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தைப் பரிசோதித்து, நோயுற்றோர்க்கு உடனே மருந்தளித்தமையின் பயன் அது. ஆபிரிக்காவிலோ, 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது சிகிச்சை நிலையங்கள் பல தடுமாறின.

பிள்ளையின் எலும்பு எந்த அரசின் தீர்மானத்துக்காகவும் காத்திராது. மருந்து பிச்சையன்று, பிள்ளையின் உரிமை. நோயுற்ற தாய் நாணமின்றி வைத்தியசாலைப் படியேறும் சமுதாயமாக நாம் இருத்தல் வேண்டும். அதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் போதும்.