சீட்டாவுக்கு எப்போது ஓய்வு? – சாமல்பட்டி உரையின் எழுத்து வடிவம்

சாமல்பட்டியில் நடந்த முன்னாள் ராணுவத்தினர் – இளைஞர் சந்திப்பில் நமது மாவட்டப் பொறுப்பாளர் பேசியதை அப்படியே தருகிறோம். கொஞ்சம் நீளம்தான். முழுசாகப் படித்துவிட்டுப் பகிருங்கள்.



சேலம் பக்கம் போற ரயில் ஒண்ணு வருது. சத்தம் அடங்கட்டும், பேசுறேன்.

சரி. மேடைக்கு ஏறும்போது ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, ஹெலிகாப்டர்னா ஏர்ஃபோர்ஸ்தானே, ஆர்மிக்கு எதுக்கு ஹெலிகாப்டர்?" நல்ல கேள்வி. 2021 டிசம்பர் 8 அன்னிக்கு குன்னூர் பக்கத்துல ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்ததே, அது சூலூர்ல கிளம்பிய எம்ஐ-17, விமானப்படையோடது. அதனால தம்பி அப்படி நினைச்சதுல தப்பில்லை. ஆனா தரைப்படைக்குன்னே தனியா ஒரு பறக்கும் பிரிவு இருக்கு. ஆர்மி ஏவியேஷன்னு பேரு. முன்வரிசையில இருக்கிற ஐயாமார்களுக்கு இது தெரியும். நமக்குத்தான் தெரியாது.

இது பீரங்கிப் படைக்குக் கண்ணாகப் பிறந்த பிரிவு. மலைக்கு அந்தப் பக்கம் குண்டு எங்கே விழுதுன்னு கீழே இருக்கிறவனுக்குத் தெரியாது. சின்ன விமானத்துல மேலே போய்ப் பார்த்துச் சொல்லணும். சுதந்திரம் கிடைச்ச அதே 1947 ஆகஸ்ட்ல இந்த வேலைக்கு முதல் இந்திய அணி வந்துச்சு. 1965, 1971 போர்கள்ல ஆஸ்டர், கிருஷக் விமானங்கள் இதைத்தான் செஞ்சது. கிருஷக் பெங்களூரு எச்ஏஎல் செஞ்ச விமானம். 1986 நவம்பர் 1-ல பீரங்கிப் படையிலிருந்து பிரிச்சு, தனிப் பிரிவாக்கினாங்க. அன்னிக்கு நடந்த பாகப்பிரிவினையில சின்ன ஹெலிகாப்டர் தரைப்படைக்கு வந்தது, பெரிசும் தாக்குதல் ஹெலிகாப்டரும் விமானப்படைகிட்டயே நின்னது. அந்த இழுபறி பல வருஷம் போச்சு. அண்ணன் தம்பி வரப்புச் சண்டை மாதிரிதான்.

இன்னிக்கு டெல்லியில ஒரு லெப்டினன்ட் ஜெனரல் இதுக்குத் தலைமை இயக்குநர். கீழே ஸ்குவாட்ரன், அதுக்கும் கீழே ஃப்ளைட். லடாக்ல லே, அஸ்ஸாம்ல மிசாமாரி, ராஜஸ்தான்ல ஜோத்பூர்னு பிரிகேடுகளும் இருக்கு. விமானிகளுக்குப் பயிற்சி நாசிக்ல. அங்கேதான் 2022 மே மாசம் கேப்டன் அபிலாஷா பராக் ராணுவத்தின் முதல் பெண் போர் விமானியா 'விங்ஸ்' வாங்கினார். பின்னாடி நிக்கிற தங்கச்சிங்க இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்கம்மா.

வண்டிகளைப் பத்திச் சொல்றேன். துருவ், ஆள் ஏத்தவும் சரக்கு ஏத்தவும். அதே துருவ்ல மூக்குல 20 மில்லிமீட்டர் துப்பாக்கி வெச்சா ருத்ரா. பிரசந்த், மலை உச்சிப் போருக்குன்னே நாமே வடிவமைச்ச தாக்குதல் ஹெலிகாப்டர். 2025 மார்ச்ல 156 பிரசந்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க, மதிப்பு சுமார் 62,700 கோடி ரூபாய். அதுல 90 தரைப்படைக்கு. அமெரிக்காவோட அப்பாச்சி ஆறு வாங்கினாங்க, ஜோத்பூருக்கு. ஆளில்லா ஹெரான் விமானங்களும் இப்ப பீரங்கிப் படைகிட்ட இருந்து இவங்க கைக்கு வந்தாச்சு.

இதெல்லாம் டிவியில காட்டுவாங்க. டிவியில காட்டாத ஒண்ணு இருக்கு. சீட்டா.

சீட்டா ஒரே இன்ஜின் ஹெலிகாப்டர். பிரான்ஸ் நாட்டு லாமா. 1969-ல முதல்ல பறந்தது. இமயமலையில பறக்கணும்னு நம்ம நாடு கேட்டதுக்காகவே உருவான வண்டி. 1972-ல 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை செஞ்சது. சாதாரண வண்டின்னு சொல்ல மாட்டேன். 1984-ல சியாச்சினுக்குள்ள நம்ம படை போனதிலிருந்து, இருபதாயிரம் அடி உயரக் காவல் நிலைகளுக்கு மண்ணெண்ணெய், மருந்து, கடிதம் கொண்டுபோனதும், மூச்சுத் திணறினவனைக் கீழே கொண்டுவந்ததும் இதுதான். அந்த உயரத்துல காத்து லேசு, அதிக எடை ஏத்த முடியாது. கொஞ்சம் கொஞ்சமா, திரும்பத் திரும்பப் போகணும். ஆட்டோ பைலட் கிடையாது. வானிலை ராடார் கிடையாது. விமானியோட கண்ணும் கையும்தான்.

2023 மார்ச் 16. அருணாச்சலப் பிரதேசத்துல செங்கேயில இருந்து மிசாமாரிக்குக் கிளம்பின ஒரு சீட்டா, காலை ஒன்பதே கால் மணி வாக்குல தொடர்பு அறுந்து, மண்டலா பக்கத்துல விழுந்தது. இறந்தது ரெண்டு பேர். லெப்டினன்ட் கர்னல் வி.வி.பி. ரெட்டி, தெலங்கானா. மேஜர் ஜெயந்த், நம்ம தேனி மாவட்டம் ஜெயமங்கலம். அந்த ஊர் மண்ணுலதான் ராணுவ மரியாதையோட அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது.

அந்த விபத்துக்கு என்ன காரணம்னு நான் தீர்ப்பு சொல்ல வரலை. மேகம் இருக்கும், மலை இருக்கும், பறக்கிறதுல ஆபத்து எப்பவும் இருக்கும். ஆனா ஐம்பது வருஷத்துக்கு முந்தின வடிவத்துல பிள்ளைங்களை ஏத்தி அனுப்புறது மேகம் எடுத்த முடிவு இல்லையே. 2015-லயே ராணுவ அதிகாரிகளோட மனைவிமார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரை நேர்ல பார்த்து, இந்தப் பழைய ஹெலிகாப்டர்களை நிறுத்துங்கன்னு மனு கொடுத்தாங்க. ஒரு பொண்டாட்டி தன் புருஷன் ஓட்டுற வண்டியைப் பத்தி மந்திரிகிட்ட போய் முறையிடுற நிலைமை, யோசிச்சுப் பாருங்க.

மாத்துறதுக்கு முயற்சியே நடக்கலையா? நடந்தது. 197 ஹெலிகாப்டர் வாங்க டெண்டர் விட்டு, 2007-ல ரத்து. மறுபடி விட்டு, 2014-ல ரத்து. ஒண்ணு ஒரு ஆட்சி, இன்னொண்ணு இன்னொரு ஆட்சி. நான் கட்சி பார்த்துப் பேசலை. 2015 டிசம்பர்ல ரஷ்யாவோட கேஏ-226-க்கு அரசுகளுக்கு இடையே உடன்பாடு, 200 ஹெலிகாப்டர்னு பேசினாங்க. ஒண்ணுகூட வரலை. எச்ஏஎல் சொந்தமா செஞ்ச இலகு ஹெலிகாப்டர் 2016 செப்டம்பர்ல பறந்தது, லடாக் உயரத்துல சோதனை முடிச்சது, 2021-ல முதல்கட்ட 12-க்கு ஒப்புதல் கிடைச்சது. 2025 ஆகஸ்ட்ல மறுபடி 200 ஹெலிகாப்டருக்கு, 120 தரைப்படைக்கு, 80 விமானப்படைக்குன்னு, கம்பெனிகள்கிட்ட தகவல் கேக்குறாங்க. முதல் ரத்துலயிருந்து இதுக்கு 18 வருஷம். அன்னிக்குப் பிறந்த பிள்ளை இன்னிக்கு ராணுவ செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுது.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இந்த ஹெலிகாப்டர் செய்ற எச்ஏஎல் பெங்களூருல இருக்கு, ஓசூர்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர். தும்கூர்ல புதுத் தொழிற்சாலையை 2023 பிப்ரவரியில திறந்தாங்க. ஓசூர் பக்கத்துல பெலகொண்டப்பள்ளியில தனியார் ஓடுதளமும் விமானப் பாகம் செய்ற ஆலையும் ரொம்ப நாளா இருக்கு. ஆறு பேர் உக்கார்ற பி-68 விமானத்தை அங்கே செஞ்சிருக்காங்க. 2019 ஜனவரியில அறிவிச்ச பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சென்னை, கோவை, சேலம், திருச்சியோட ஓசூரும் ஒரு முனை. ஓசூர் சிப்காட்ல நம்ம ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பசங்க சிஎன்சி மெஷின்ல கார் பாகமும் பைக் பாகமும் கடையுறாங்க. அதே கை ஹெலிகாப்டர் பாகமும் கடையும். ஆனா விமானப் பாகத்துக்குத் தரச் சான்றிதழ் வேணும், அதுக்கான சோதனைக்கூடம் வேணும், ஐடிஐயில அதுக்கான பாடம் வேணும். ஒரு சின்னப் பட்டறைக்காரர் இதைத் தன் கைக்காசுல செய்ய முடியாது.

அதனால நம்ம மனுவுல கேக்குறது இதுதான். சீட்டாவுக்குக் கடைசித் தேதி என்னன்னு நாடாளுமன்றத்துல ஒன்றிய அரசு சொல்லணும். உள்நாட்டு இலகு ஹெலிகாப்டருக்கு முழு ஆர்டர் கொடுத்து, பாக வேலையில ஒரு பங்கு ஓசூர் முனைக்கு வரணும். கிருஷ்ணகிரி மாவட்ட ஐடிஐகள்ல விமானப் பராமரிப்புப் பிரிவு தொடங்கணும். 'ஓசூருக்கு வேலை வேணும்னு ராணுவத்தை இழுக்கிறீங்களா'ன்னு சிலர் கேப்பாங்க. ஆமாங்க, ரெண்டும்தான் வேணும். மேலே பறக்கிறதும் நம்ம பிள்ளை, கீழே கடையுறதும் நம்ம பிள்ளை.

மனு வாசல் பக்கத்து மேசையில இருக்கு. முதல் கையெழுத்து முன்வரிசை ஐயாமார்களோடது, அவங்க போட்டதுக்கு அப்புறம் நாம போடுவோம். தம்பிங்களா, ஐயாமார்களுக்கு முதல்ல வழி விடுங்க.