தென் கரோலைனாவின் ‘லைட்ஹவுஸ் அண்ட் இன்ஃபார்மர்’: ஓர் இதழும் அதன் பின்னிருந்தவர்களும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இதழியல் வரலாறு, சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் 1827இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ முதல் சிகாகோ, பிட்ஸ்பர்க், பால்டிமோர் நகரங்களின் பெரும் வார இதழ்கள் வரை, நகரங்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அம்மக்களில் மிகப் பலர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலும் புகையிலை நிலங்களிலுமே வாழ்ந்தார்கள். அந்த நாட்டுப்புறத்தை நம்பி, அங்கேயே அச்சிடப்பட்டு, அங்கேயே விற்கப்பட்ட இதழ்கள் குறைந்த ஆயுளும் குறைந்த முதலும் உடையவை என்பதால், ஆய்வாளர்களின் பார்வைக்கு வெகுகாலம் தப்பியே இருந்தன. அத்தகைய இதழ்களுள் ஒன்றான ‘லைட்ஹவுஸ் அண்ட் இன்ஃபார்மர்’ என்னும் தென் கரோலைனா வார இதழையும், அதை நடத்தியவர்களின் பிழைப்புக்கும் பேச்சுக்கும் இடையே இருந்த உறவையும் ஆராய்வது இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

தென் கரோலைனாவில் 1920களின் தொடக்கம் வரை கறுப்பின மக்களே பெரும்பான்மையினர்; 1940இலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அவர்களே. இவர்களுள் பெரும்பகுதியினர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள். விதை, உரம், மளிகை அனைத்தையும் நிலவுடைமையாளரிடமோ அவருக்கு வேண்டிய கடைக்காரரிடமோ கடனாகப் பெற்று, அறுவடையின்போது கணக்குத் தீர்த்து, பல ஆண்டுகளில் மீதி ஏதுமின்றி அடுத்த ஆண்டுக் கடனுக்குள் நுழைவதே இம்முறையின் இயல்பு. கணக்கேட்டை எழுதுபவரும் நிலவுடைமையாளரே என்பதால், கேள்வி கேட்பவர் அடுத்த விதைப்புக்கு நிலம் இல்லாமல் நிற்க நேரிடும். வாக்குரிமையோ சட்டப்புத்தகத்தில் இருந்தது, வாக்குச்சாவடியில் இல்லை. ஜனநாயகக் கட்சி ஒன்றே ஆண்ட அம்மாநிலத்தில், அக்கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதல்நிலைத் தேர்தலே உண்மையான தேர்தலாக இருந்தது. அத்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்பது கட்சி விதி. ஆகவே நவம்பரில் நடந்த பொதுத்தேர்தல் முன்பே முடிந்துபோன காரியத்துக்கான சடங்காகவே இருந்தது.

அக்காலத் தென்மாநில வெள்ளையர் நாளிதழ்களில் கறுப்பின மனிதர் பெரும்பாலும் குற்றச் செய்தியில்தான் தோன்றினார். அவர்களது திருமணமும் பட்டமளிப்பும் இறப்பும் செய்தியாகக் கருதப்படவில்லை. பெயர் வந்தாலும், வெள்ளையருக்குத் தவறாமல் சேர்க்கப்பட்ட ‘மிஸ்டர்’, ‘மிஸஸ்’ என்னும் மரியாதை அடைமொழிகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. கறுப்பின வார இதழ்களில் திருச்சபைக் கூட்டங்களும் பள்ளி ஆண்டுவிழாக்களும் ஊரிலிருந்து வடக்கே போனவர்கள் விடுமுறைக்கு வந்து சென்ற செய்திகளும் பத்தி பத்தியாக நிரம்பியிருந்ததை அற்பம் என ஒதுக்கிய பிற்கால வாசகர்கள் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறியது, தன் தாயின் பெயருக்கு முன்னால் ‘மிஸஸ்’ என்று அச்சில் கண்ட ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெறுமானம் உடையது என்பதைத்தான்.

இவ்விதழின் ஆசிரியர் ஜான் ஹென்றி மெக்ரே 1910இல் ஃபுளோரிடாவில் பிறந்து, சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே கறுப்பின மக்களே அமைத்து ஆண்ட லிங்கன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். வெள்ளையர் எவரும் அதிகாரி இல்லாத ஊரில் வளர்ந்த சிறுவன், ஆட்சி என்பது தன்னைப் போன்றவர்களும் செய்யக்கூடியதே என்பதை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருப்பான் என்று கருத இடமுண்டு. அலபாமாவின் டல்லடேகா கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பிய மெக்ரே, 1939இல் சார்ல்ஸ்டனில் ‘லைட்ஹவுஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அது 1941இல் சம்ட்டர் நகரின் ‘பீப்பிள்ஸ் இன்ஃபார்மர்’ இதழோடு இணைந்து, மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம், அதாவது என்.ஏ.ஏ.சி.பி. என்னும் அமைப்பு, மாநிலம் முழுவதும் கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கிளைகளை ஒன்றோடொன்று பேசவைக்க ஓர் இதழ் தேவைப்பட்டது.

இணை ஆசிரியராக வந்த ஆசியோலா மெக்கெய்னின் வாழ்க்கை எந்தப் புதினத்துக்கும் குறையாதது. 1892இல் சம்ட்டரில் பிறந்து, இளவயதிலேயே ஊரைவிட்டு வெளியேறி, முதல் உலகப்போரில் பிரான்சில் படை அதிகாரியாகப் பணியாற்றி, பின் நியூயார்க்கின் ஹார்லெமில் ‘நியூயார்க் காமனர்’ என்னும் இதழை நடத்தி, அங்கும் மனம் ஒப்பாமல் ஐரோப்பாவுக்குச் சென்று, பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் இரவு விடுதி ஒன்றின் உரிமையாளராக வளமாக வாழ்ந்தவர் அவர். 1940இல் ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்தைக் கைப்பற்றியதால் பிறந்த ஊருக்கே திரும்ப நேர்ந்தது. இருபது ஆண்டுகளாக எவருக்கும் ஒதுங்கி வழிவிடாமல் நடந்து பழகிய ஒருவர் சம்ட்டருக்கு வந்தவுடன் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, கறுப்பின ஆசிரியர்களின் சம்பளத்தை வெள்ளை ஆசிரியர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்ததாகும். ஒரே தகுதி, ஒரே வேலை, வேறு வேறு சம்பளம் என்னும் அக்கணக்கு, சம ஊதிய இயக்கத்துக்கு அடிப்படையாகி, 1944இல் சார்ல்ஸ்டன் ஆசிரியை ஒருவரின் வழக்கில் கூட்டாட்சி நீதிபதி ஜே. வேட்டிஸ் வேரிங் சம ஊதியத்துக்கு ஆணையிடும் நிலைக்குக் கொண்டுசென்றது.

மூன்றாமவர் மொஜெஸ்கா சிம்கின்ஸ். 1899இல் கொலம்பியாவில் பிறந்த இவர், திருமணமான பெண்கள் ஆசிரியப் பணியில் நீடிக்கலாகாது என்ற நகர விதியால் 1929இல் வேலையிழந்து, பின்னர் மாநிலக் காசநோய்ச் சங்கத்தின் கறுப்பின மக்களுக்கான பணிகளை 1931 முதல் பதினோர் ஆண்டுகள் கவனித்தார். நோயைத் தேடி ஊர் ஊராகச் சென்ற அப்பணியே அவருக்கு மாநிலத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்தப் போதகர் துணிந்தவர், எந்தக் குடும்பம் நம்பத்தக்கது என்பதைக் கற்றுக்கொடுத்தது. என்.ஏ.ஏ.சி.பி. ஈடுபாட்டினால் 1942இல் அந்த வேலையும் போயிற்று. எனினும் கணவர் ஆண்ட்ரூ சிம்கின்ஸுக்குப் பெட்ரோல் நிலையமும் பிற சொத்துகளும் இருந்தமையால் குடும்பம் வெள்ளை முதலாளி எவரையும் சார்ந்திருக்கவில்லை. என்.ஏ.ஏ.சி.பி.யின் மாநிலச் சங்கத்தின் செயலாளராக 1957 வரை இருந்த அவர், இதழுக்கு எழுதியதோடு அதன் பண நெருக்கடிகளையும் தோளில் சுமந்தார்.

கறுப்பின உரிமை இயக்கத்தை ஆராய்வோர் வீரத்தைப் பற்றி மிகுதியாகவும் வருமானத்தைப் பற்றிக் குறைவாகவும் எழுதுகின்றனர். அச்சம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் வெளிப்படையாகப் பெயரிட்டுப் பேசியவர்களின் தொழில்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். மாநிலச் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் ஹின்டன் கறுப்பினக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அலுவலர்; பொருளாளர் லெவி பர்ட் செரா என்னும் சிற்றூரின் குழாய்ப் பணியாளர்; ஏனையோர் போதகர், சவ அடக்கத் தொழில் நடத்துபவர், சொந்த நிலமுள்ள விவசாயி என அமைந்தனர். இவர்கள் எவருடைய சம்பளச் சீட்டும் வெள்ளையர் கையொப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. மறுபுறம், எழுத்தறிவிலும் தகவலறிவிலும் முன்னிலையில் இருந்த பள்ளி ஆசிரியர்கள் பள்ளிக்குழுவின் ஊதியத்தை நம்பியிருந்தமையால், பின்னணியில் நின்று உதவுவதோடு பெரும்பாலும் நின்றுகொள்ள வேண்டியிருந்தது. 1956இல் அரசுப் பணியாளர் என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருப்பதையே தென் கரோலைனா சட்டத்தால் தடுத்தபோது, அவர்கள் முன்பு காட்டிய தயக்கம் எவ்வளவு நியாயமானது என்பது தெரியவந்தது. விளம்பர வருவாய் குறைந்து, சந்தாவையும் சில்லறை விற்பனையையும் நம்பிய இதழுக்கு இந்தச் சுயசார்புடைய சிறு வட்டமே உயிர்நாடி. அந்த வட்டம் வற்றும்போது என்ன நேரும் என்பதற்கு மிசிசிப்பியின் ‘ஜாக்சன் அட்வகேட்’ எடுத்துக்காட்டு: 1938இல் அதைத் தொடங்கி வாக்குரிமைக்காகக் குரல்கொடுத்த பெர்சி கிரீன், பிற்காலத்தில், இனப்பிரிவினையைக் காக்க மாநில அரசு அமைத்த ஆணையத்திடமே பணம் பெற்றார்.

டெக்சஸ் வழக்கொன்றில் 1944 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வெள்ளையர் மட்டுமான முதல்நிலைத் தேர்தலைச் சட்டவிரோதம் என்று தீர்த்தபோது, தென் கரோலைனா ஆளுநர் ஆலின் ஜான்ஸ்டன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, முதல்நிலைத் தேர்தல் தொடர்பான சட்டங்கள் அனைத்தையும், ஏறத்தாழ நூற்றைம்பதை, ஒரே மூச்சில் நீக்கச் செய்தார். தேர்தல் தனியார் கழகத்தின் நிகழ்ச்சியாகிவிட்டால் அரசியல் சட்டம் அதைத் தொடாது என்பது கணக்கு. அடுத்த மாதமே மெக்ரேயைத் தலைவராகக் கொண்டு ‘முற்போக்கு ஜனநாயகக் கட்சி’ உருவாயிற்று. இதழின் முகவர்களும் வாசகர்களும் கட்சியின் மாவட்ட அமைப்பாளர்களாயினர். இதழ் எங்கே முடிந்தது, கட்சி எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஜூலையில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் மாநிலத்தின் பேராளர்களாகத் தங்களை ஏற்கக் கோரினர்; ஆனால் அவர்களுக்கு இருக்கை கிடைக்கவில்லை. நவம்பரில் மெக்கெய்ன் அமெரிக்க மேலவைக்கு அதே ஆலின் ஜான்ஸ்டனை எதிர்த்து நின்றார்; அதிகாரப்பூர்வக் கணக்கில் கிடைத்தவை மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகள். மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி 1964இல் உலகப் புகழ்பெறச் செய்த, தேசிய மாநாட்டில் மாற்றுப் பேராளர் குழுவாக இருக்கை கோரும் உத்தியை இவர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துபார்த்திருந்தனர். பின்னர் கொலம்பியா நகரின் ஜார்ஜ் எல்மோர் தொடுத்த வழக்கில் நீதிபதி வேரிங் 1947இல் முதல்நிலைத் தேர்தலைத் திறந்துவிட, 1948 ஆகஸ்டில் பல்லாயிரம் கறுப்பின வாக்காளர்கள் வரிசையில் நின்றனர்.

நாட்டுப்புறத்தில் இதழின் பங்கு தெளிவாகப் புலப்படுவது கிளாரண்டன் மாவட்டத்தில். அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பள்ளிப் பேருந்துகள் ஓடின; கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. போதகர் ஜோசப் டிலெய்னின் தூண்டுதலால் லெவி பியர்சன் என்னும் விவசாயி பேருந்து கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நிலம் இரு பள்ளி எல்லைகளின் நடுவே விழுந்ததைக் காரணம் காட்டி வழக்கு தள்ளப்பட்டது. அவருக்குக் கடன் நிறுத்தப்பட்டது. விளைந்த பயிரை அறுக்க எந்திரம் தருவார் இல்லை. சொந்த நிலமும் முழுக் கவசமாகாது என்பதை இது காட்டியது. 1949 நவம்பரில் சமமான பள்ளி வசதிகள் கேட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு எழுந்தபோது, அதில் முதற்பெயராக இருந்த ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலைய வேலையையும் அவர் மனைவி எலைசா விடுதி வேலையையும் இழந்தனர். மனு வழக்காக மாறியபோது, மெக்ரேயின் இதழ் அதன் செய்திகளைத் தொடர்ந்து வெளியிட்டது. ‘பிரிக்ஸ் எதிர் எலியட்’ என்ற அவ்வழக்கு, 1954இல் பள்ளி இனப்பிரிவினையைச் சட்டவிரோதம் என்று அறிவித்த உச்ச நீதிமன்றத்தின் ‘பிரௌன்’ தீர்ப்பில் இணைந்த வழக்குகளுள் ஒன்றாயிற்று.

இதற்கிடையே மெக்ரே சிறைப்பட்டார். அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு முன்நிகழ்ச்சிகள் வேண்டும். மெம்ஃபிஸ் நகரில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழின் ஆசிரியர் ஐடா பி. வெல்ஸ், தம் நண்பர் தாமஸ் மாஸ் உள்ளிட்ட மூவரைக் கும்பல் கொன்ற 1892ஆம் ஆண்டில், இத்தகைய கொலைகளுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பாலியல் குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவையல்ல, அவற்றுள் சில இருபாலரும் விரும்பிய உறவுகளே என்னும் பொருள்பட எழுதினார். அவர் ஊரில் இல்லாதபோது அலுவலகம் அழிக்கப்பட்டது. வட கரோலைனாவின் வில்மிங்டனில் அலெக்ஸ் மேன்லி 1898 ஆகஸ்டில் அதே கருத்தை எழுத, நவம்பர் 10இல் ‘டெய்லி ரெக்கார்ட்’ அச்சகம் எரிக்கப்பட்டு, நகராட்சியும் ஆயுத பலத்தால் கவிழ்க்கப்பட்டது. மெக்ரே 1949இல் செய்ததும் இதுவே: வெள்ளைப் பெண்ணொருத்தியை வன்புணர்ந்ததாக மரண தண்டனை பெற்ற கிரீன்வுட் இளைஞர் வில்லி டால்பர்ட், அது இசைவோடு நிகழ்ந்தது என்று கூறியதைச் செய்தியாக வெளியிட்டார். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகும் குற்றம் அதேதான். மாறியது தண்டிக்கும் கருவி மட்டுமே. தீவட்டிக்குப் பதிலாகக் குற்றவியல் அவதூறுச் சட்டம் வந்தது. கிரீன்வுட்டின் நடுவர்கள் தமக்கு என்ன தீர்ப்பளிப்பார்கள் என்பதை அறிந்திருந்த மெக்ரே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் நன்னடத்தைக் காலமும் பெற்றார். அக்காலத்தில் அனுமதியின்றி மாநிலத்துக்கு வெளியே சென்று பேசினார் என்று கூறி, 1951இல் அவரைச் ‘சங்கிலிக் கூட்ட’த்தில், அதாவது கைதிகளைக் கொண்டு சாலை வேலை செய்விக்கும் மாவட்டச் சிறைப்படையில், இரண்டு மாதங்கள் வைத்தனர். 

இதழ் அதிலிருந்து முழுமையாக மீளவில்லை. மெக்கெய்ன் முன்பே 1946இன் இறுதியில் பெல்ஜியத்துக்குத் திரும்பிவிட்டிருந்தார். 1955இல் பிரசல்ஸில் இறந்தார். கடன் பெருகி, 1954இல் ‘லைட்ஹவுஸ் அண்ட் இன்ஃபார்மர்’ நின்றது. பிரௌன் தீர்ப்பின் பின்விளைவாக மனுதாரர்கள் மீது கடன் நிறுத்தமும் வேலைநீக்கமும் வெள்ளமாக வந்த ஆண்டுகளில், அவற்றைப் பதிவுசெய்ய அந்த இதழ் மாநிலத்தில் இல்லை. டிலெய்னின் திருச்சபைக் கட்டடம் 1955இல் லேக் சிட்டியில் எரிக்கப்பட்டு, தம் வீட்டை நோக்கிச் சுட்டவர்களைத் திருப்பிச் சுட்டதற்காகப் பிடியாணை பிறந்து, அவர் நியூயார்க்குக்குத் தப்பிச்சென்றார். அப்பிடியாணை அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே, 2000இல், நீக்கப்பட்டது.

மெக்ரே எழுதுவதை விடவில்லை. பால்டிமோரின் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’ ஆகியவற்றுக்குத் தென் கரோலைனாச் செய்திகளை எழுதி, பின்னர்த் தாம் படித்த டல்லடேகா கல்லூரியில் அலுவலராகிப் பணியாற்றி, 1987இல் மறைந்தார். இதன் விளைவாக, கிளாரண்டன் மாவட்ட உழவர் தம் சொந்த மாவட்டத்தில் நடந்ததை மெக்ரேயின் எழுத்தில் படிக்க, அது வடக்கே அச்சாகி மீண்டும் தெற்கே வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விதழ்களின் ஆசிரியர் மேசையில் எது பொதுவாசகருக்கு ஏற்றது என்று கழித்துக்கட்டியபின் எஞ்சியதே அவருக்குக் கிடைத்தது, அதில் அவருடைய பள்ளி ஆண்டுவிழாவும் திருச்சபைக் கூட்டமும் இடம்பெற வழியில்லை.