பாடியவர் பெயரைச் சொல்லுங்கள்

 

'பாட்டும் அரசியலும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பாரதியைப் பேசலாம், பட்டுக்கோட்டையைப் பேசலாம். நான் இன்று நம் கண்ணெதிரே வளர்ந்த ஓர் இளைஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரக்கோணத்துப் பிள்ளை. 1989 வரை அரக்கோணமும் நம் கீழ்பென்னாத்தூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தானே? அந்த உரிமையில் நம்ம ஊர்ப் பிள்ளை என்றே சொல்கிறேன். அறிவரசு என்கிற அறிவு. ராப் பாடகர்.

ராப் என்றதும் பெரியவர்கள் சிலர் யோசிக்கிறீர்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கை நடத்திய கொண்டாட்டத்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டபோது பிறந்தது ஹிப் ஹாப். ஏழைக் கறுப்பின மக்களின் தெருவில் வளர்ந்த கலை. மைக்கைப் பிடித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவரை அங்கே எம்.சி. என்பார்கள்; அவர் பாடுவதுதான் ராப்.

நமக்கு இது புதிதா? திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கூத்து பார்த்தவர்களைக் கேட்கிறேன். ராஜா வருவதற்கு முன்னால் சபைக்கு வருவது யார்? கட்டியங்காரன்! துரியோதனனுக்குக் கட்டியம் சொல்வான். அதே வாயால் துரியோதனனைக் கேள்வியும் கேட்பான். மகாபாரதத்துக்கு நடுவிலே நம்ம ஊர் ஏரி தூர்வாராமல் கிடப்பதையும், ரேஷன் கடைத் தராசையும் இழுத்துப் போடுவான். ஜனம் கைதட்டும். ராஜா வாய் திறக்க மாட்டார். புரிசைக் கூத்துக்குப் பெயர்போன இந்த மாவட்டத்துக்கு, அதிகாரத்தைப் பார்த்துத் தாளத்தோடு பேசுகிறவனை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

அறிவு மேடை ஏறியது எப்படி? 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. 'சாதி பேதமற்ற' என்று அயோத்திதாசப் பண்டிதர் நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. பறையும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள். மாட்டுக்கறியைப் பாடினார்கள். சாவு வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த இசை, விளக்கு வெளிச்சத்தில் தலை நிமிர்ந்து நின்றது.

அடுத்த ஆண்டே, ஆஃப்ரோ என்ற இசைக் கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார் அறிவு. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஸ்னோலினின் பெயரிலேயே ஒரு பாட்டு அதில் உண்டு. சினிமாவும் கூப்பிட்டது. 'காலா' படத்துக்கு எழுதினார், 'மாஸ்டர்' படத்துக்கு எழுதினார். சினிமாவுக்குப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்கள் உண்டு. அவர் தாழ்த்திக்கொள்ளவில்லை.

2021 மார்ச்சில் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. பாடகி தீயும் அறிவும் பாடியது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. உலகமே ஆடியது. அந்தப் பாட்டுக்குள் இருப்பது யார் தெரியுமா? வள்ளியம்மாள். அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த தாய்.

அந்த வரலாற்றைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் நம் கிராமங்களிலிருந்து நிலமற்ற கூலிகளை இலங்கை மலைக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கூலிகள் காட்டை வெட்டினார்கள், காப்பி வைத்தார்கள், காப்பி நோயில் அழிந்ததும் தேயிலை வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் ரத்தம் சிந்தினார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அந்த மக்களை நாடற்றவர்களாக ஆக்கியது! 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் உட்கார்ந்து பங்கு பிரித்தன. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு செண்டு நிலமில்லை, பத்திரத்தில் பெயருமில்லை. இதைத்தான் அந்தப் பேரன் பாடினார்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அவர்கள் இருவர் பெயரோடும் சேர்த்துப் பேசப்பட்ட பாட்டுகளில் அறிவின் எழுத்து இருந்தது. அட்டையில் அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகுதான் அறிவுக்கென்று ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. 'எஞ்சாய் எஞ்சாமி' மேடையில் இருந்தது, அறிவு இல்லை. அவர் தன் மனக்குறையை எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள். அவர்களும் திறமைசாலிகள், நான் மறுக்கவில்லை. யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல இந்த மேடை நீதிமன்றமும் அல்ல.

ஆனால் ஒன்றை மட்டும் உரக்கச் சொல்வேன். தோட்டம் போட்டவர்களுக்குத் தோட்டத்தில் பெயரில்லை என்று பாடியவருக்கே, அந்தப் பாட்டின் மேடையில் இடமில்லாமல் போகலாமா? உழைத்தவர் பெயரை அழிப்பது நிலத்தில் நடந்தால் அநியாயம், கலையில் நடந்தால் தற்செயலா? அறிவின் பாதையில் நான் கற்றுக்கொள்ளும் அரசியல் இதுதான். துணிந்து பாடுவது ஒரு பாதி. பாடியவர் நான்தான் என்று துணிந்து சொல்வது மறு பாதி. அவர் ஒதுங்கிப் போகவில்லை. பாட்டியின் பெயரையே தலைப்பாக வைத்து 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்போடு மீண்டும் வந்தார். அதுதான் பதில்!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம் திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பந்தல் உபயம் யார், மின்விளக்கு உபயம் யார், அன்னதானம் யார் என்று தகப்பன் பெயரோடு அச்சாகிறது. கடைசி வரியில் 'பம்பை உடுக்கை, மேளதாளத்துடன்' என்று மட்டும் போடுகிறோம். அடிக்கிற கைக்குப் பெயர் இல்லையா? விடிய விடிய ஆடும் கூத்து வாத்தியாருக்குப் பெயர் இல்லையா? ஒப்பாரி கட்டும் தாய்க்குப் பெயர் இல்லையா?

விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இரண்டு. வரும் திருவிழாவிலிருந்து ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் ஊரோடு சேர்த்து அச்சிடுங்கள். பேசிய கூலியை அன்றிரவே மரியாதையோடு கையில் கொடுங்கள். இளைஞர்களுக்கு ஒன்று. கையில் இருக்கும் செல்போனில் உங்கள் பாட்டியின் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ராப் பாடுங்கள், கானா பாடுங்கள், எதை வேண்டுமானாலும் பாடுங்கள். கேள்வி கேட்டுப் பாடுங்கள். கைதட்ட இந்த ஊர் இருக்கிறது.