நாங்கள் வைத்த பேரும் எங்களுக்கு வைத்த பேரும்

(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நல்ல நாளில் நல்ல சொல் பேசவேணும் என்பார்கள். நான் இன்று சில கெட்ட சொற்களைப் பற்றித்தான் கதைக்கப் போறன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்த எங்கட ஆக்கள் ஒருவரையொருவர் கண்டால் "அசூல் அடிச்சாச்சோ?" என்று கேட்பினம். எங்களுக்கு அது ஒரு விண்ணப்பம். இந்த நாட்டுப் பத்திரிகைகளுக்கோ நாங்கள் "அசூலான்ட்". அந்தச் சொல்லோடு "வெள்ளம்" என்ற சொல்லையும் ஒட்டி எழுதினார்கள். வெள்ளத்துக்கு முகம் இல்லை, தாய் தகப்பன் இல்லை. அணை கட்டவேண்டியதுதான்! 1992 ஓகஸ்டில் றொஸ்ரொக் நகரில் வியட்நாமியர் குடியிருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தபோது, சுற்றி நின்று கைதட்டியவர்களும் இருந்தார்கள். 1993இல் அடிப்படைச் சட்டத்தில் இருந்த தஞ்ச உரிமை சுருக்கப்பட்டது. முதலில் பேர், பிறகு நெருப்பு, அதன் பிறகு சட்டம்.

இதுவரை எல்லோரும் தலையாட்டுறியள். இனி எங்கட வீட்டுக்குள்ள வருவம்.

மலையகத்தில் கொழுந்து பறித்து இலங்கைக்கே சோறு போட்ட சனத்தை வடக்கில் எப்படிச் சொன்னார்கள்? "தோட்டக்காட்டான்", "வடக்கத்தியான்". அந்த மக்களைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர். எங்கட வாயாலேயே வெளியாள் ஆக்கிப்போட்டு, அவர்களுக்காக முழுமனதோடு எப்படிக் குரல் கொடுக்கிறது?

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. இலங்கையில் "இந்தியாக்காரர்" என்று பேச்சு வாங்கியவர்கள், நீலகிரியில் போய் இறங்கினதும் "சிலோன்காரர்" ஆனார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, எங்களோடு சேர்ந்து ஷெல்லடி பட்டவர்களையும் அந்தப் பழைய பேர் விடேல்லை. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருடம்!

"கள்ளத்தோணி" என்ற பேரும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. அது எங்களையில்லை என்று இருந்தவர்கள் பலர். பிறகு இனவாதிகள் அதே சொல்லை எல்லாத் தமிழரையும் பார்த்துச் சொன்னார்கள். 2010இல் "சன் சீ" கப்பலில் 492 தமிழர் கனடாவில் போய் இறங்கியபோது, "வரிசையில் நில்லாமல் புகுந்தவர்கள்" என்று பேர் வைத்தார்கள். பட்டப்பேர் ஒருநாளும் ஒருவர் தலையோடு நிற்காது. தலைமாறிக்கொண்டே போகும்.

இனிப் பிள்ளைகளின் கதை. இங்கே பிறந்த பிள்ளைக்குக் "காப்பிலி" என்ற சொல் தெரிந்திருக்கு. மலையகத் தமிழர் யாரென்று தெரியேல்லை. அந்தச் சொல்லைத் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கேல்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நாங்கள் கதைக்கிறதைக் கேட்டுப் படித்தது.

2023இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். மலையகத் தமிழர் என்ற அடையாளத்தை எல்லோரும் மதிக்கவேணும் என்பதும் அவர்கள் கேட்டதில் ஒன்று. அரசாங்கம் கொடுக்கவேண்டியதை அரசாங்கம் கொடுக்கட்டும். ஒருவரை அவர் விரும்புகிற பேரால் கூப்பிட எங்களுக்கு விசாவும் வேண்டாம், காசும் வேண்டாம். இந்த வருசம் வீட்டுக்குள்ளயிருந்தே தொடங்குவம்.