ஆங்கில ஆசிரியையின் மேசையில் வரிசை இல்லை



போன நவம்பரில் என் மகளின் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. அவள் அப்போது செக்கண்டரி மூன்று. கணித ஆசிரியரைப் பார்க்க முக்கால் மணித்தியாலம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நம் தமிழர்களே ஐந்து குடும்பம். ஆங்கில ஆசிரியை தன் மேசையில் தனியே இருந்தார். போய் எதிரில் இருந்தேன். அன்று மாலை தன்னைப் பார்க்க வந்த இரண்டாவது ஆள் நான்தான் என்றார். மகளின் கட்டுரையை எடுத்து நீட்டினார். வீட்டில் தம்பியோடு மூச்சுவிடாமல் ஆங்கிலம் பேசுகிற பிள்ளை அவள். லைட்டை அணைத்தேன் என்பதற்கு லைட்டை மூடினேன் என்று எழுதியிருந்தாள். பிரெஞ்சில் வெளிச்சத்தை மூடுவார்கள். மொன்றியல் தெருவில் ஆங்கிலத்திலும் அப்படியே மூடுகிறார்கள், யாரும் திருத்துவதில்லை. அதைக்கூட விடுங்கள். இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு பந்தி பிரிக்கவில்லை. ஒரு கருத்தைச் சொல்லி அதற்குக் காரணம் காட்ட அவளுக்குத் தெரியவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

"எங்கட பிள்ளையளுக்கு இங்கிலீஷ் தானா வரும்." கோவில் வீதியிலும் கல்யாண மண்டபத்திலும் முப்பது வருடமாக நான் கேட்கிற வசனம் இது. இந்த வசனத்தை எதிர்க்கத்தான் இன்று மேடையேறியிருக்கிறேன். தானாக வருவது பேச்சு. எழுத்து யாருக்கும் தானாக வந்ததில்லை. தமிழோடு பிறந்த நமக்கே தமிழில் ஒரு கட்டுரை எழுதப் பத்து வருடம் வாத்தியார் தேவைப்பட்டாரே!

உடனே ஒருவர் எழுந்து கியூபெக்கின் 101ஆம் சட்டத்தைச் சொல்வார். பிள்ளைகளைப் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்பச் சொல்லி 1977 ஆகஸ்டில் வந்த சட்டம். இன்றைய விதிப்படி, பெற்றோரில் ஒருவர் கனடாவில் தன் ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருந்தால் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போகலாம். குடிபெயர்ந்து வந்த நமக்குப் பொதுவாக அந்த வழி இல்லை. இதை இலங்கையின் 1956 தனிச் சிங்களச் சட்டத்தோடு ஒப்பிடுகிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. நான் மறுக்கிறேன். அங்கே ஒரு பெரும்பான்மை, அதே மண்ணில் பிறந்த மக்களின் மொழியை அரச அலுவலில் இருந்து தள்ளியது. இங்கே ஒரு கண்டம் நிறைந்த ஆங்கிலத்துக்கு நடுவே ஒரு சிறு இனம் தன் மொழியைக் காக்கிறது. மொழிக்காக அடிவாங்கிய நமக்கு அந்தப் பயம் விளங்காமல் இருக்கலாமா? பிரெஞ்சு படிப்பது நம் பிள்ளைக்கு நட்டமில்லை. என் சண்டை பிரெஞ்சோடு இல்லவே இல்லை.

என் சண்டை நம்முடைய அலட்சியத்தோடு. பிரெஞ்சுப் பள்ளியிலும் ஆங்கிலம் கட்டாயப் பாடம். 2006 முதல் முதலாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. செக்கண்டரி ஐந்தின் ஆங்கிலத்தில் சித்தியடையாமல் டிப்ளோமா கிடையாது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். செக்கண்டரியில் வாரம் 25 மணித்தியாலம், வருடம் 36 வாரம், மொத்தம் 900 மணித்தியாலம். அதில் ஆங்கிலத்துக்கு அரசு குறித்திருப்பது 100. வாரத்துக்கு மூன்று மணித்தியாலம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் முப்பது பிள்ளைக்கு எழுதக் கற்பிக்க வேண்டிய ஆசிரியையிடம்தான், "இங்கிலீஷ் பிரச்சினையில்லைத்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழும்புகிறோம்.

பதினான்கு வயதில் வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து இறங்குகிற பிள்ளையை நினையுங்கள். வரவேற்பு வகுப்பில் அதற்குப் பெரும்பாலும் பிரெஞ்சுதான். அது வேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து சாதாரண வகுப்புக்கு மாறும் நாளில், முதலாம் வகுப்பு முதல் ஆங்கிலம் படித்தவர்களோடு ஒரே வாங்கில் இருத்தப்படுகிறது. இந்தப் பிள்ளைக்காக யார் பேசினோம்?

2011இல் கியூபெக்கின் அன்றைய முதல்வர் ஜான் ஷாரே ஆறாம் வகுப்பில் பாதி ஆண்டை முழுக்க ஆங்கிலத்துக்கே ஒதுக்கப் போவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, கட்டாயம் கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் சில பள்ளிகளில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. செக்கண்டரியிலும் அப்படித்தான். வழமையான ஆங்கிலம் ஒன்று, மேம்பட்ட ஆங்கிலம் இன்னொன்று. இரண்டாவது இருப்பதே தெரியாமல் ஐந்து வருடத்தைக் கடத்திய நம் குடும்பங்களை நான் அறிவேன்.

2022இல் 96ஆம் சட்டம் வந்தது. செக்கண்டரிக்குப் பிறகு போகிற ஆங்கில சிஜெப் கல்லூரிகளின் இடங்களுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். டோசன், வனியே கல்லூரிகளின் வாசலில் போட்டி கூடிவிட்டது. இனிச் செக்கண்டரியில் கிடைக்காத ஆங்கிலத்தை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. ஆங்கிலத்துக்காகவே வீட்டை விற்று ஒன்ராறியோவின் ஸ்காபரோவுக்குப் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இங்கேயே இருப்போம் என்று முடிவெடுத்தவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

இன்னொன்றும் நடக்கிறது, அதைச் சொல்ல மனம் வலிக்கிறது. பள்ளியில் ஆங்கிலம் போதாதென்று வீட்டில் தாயும் தகப்பனும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசுகிறார்கள். அம்மம்மா தொலைபேசியில் வந்தால் பிள்ளை விழிக்கிறது. ஆங்கிலமும் திருந்தவில்லை, தமிழும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தின் வேலையை வீட்டுக்குள் இழுத்து, வீட்டின் வேலையை யார் தலையில் போட்டோம்? தாய்மார்களே, வீட்டில் தமிழ் பேசுங்கள். ஆங்கிலத்தைப் பள்ளியிடம் கேட்டு வாங்குங்கள்.

எப்படிக் கேட்பது? ஒவ்வொரு அரச பள்ளியிலும் நிர்வாக சபை இருக்கிறது. அதிபர் முன்வைக்கிற பாட நேரப் பங்கீட்டை அங்கீகரிப்பது அந்தச் சபை. அதில் பெற்றோர் இருக்கிறார்கள், வாக்களிக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு எத்தனை மணி என்பதில் நமக்கும் ஒரு கை உண்டு என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கதிரையில் நம்மவரை நான் கண்டது மிக அரிது. பிரெஞ்சு வராது என்ற கூச்சத்தில் ஒதுங்குகிறோம். வேலைத்தலத்தில் சம்பளத்தில் பத்து டொலர் குறைந்தால் அதே உடைந்த பிரெஞ்சில் கேட்டு வாங்குகிறோமே, பிள்ளைக்காகக் கேட்க என்ன கூச்சம்?

அந்தச் சபைக்குப் பெற்றோரைத் தெரிவு செய்கிற பொதுக்கூட்டம் ஒவ்வொரு செப்டெம்பரிலும் நடக்கிறது. அறிவித்தல் கடிதம் பிள்ளையின் பையிலோ உங்கள் மின்னஞ்சலிலோ வரும். தூக்கிப் போடாதீர்கள். இந்த மண்டபத்திலிருந்து ஒரு பள்ளிக்கு ஒருவராவது பெயர் கொடுங்கள். நான் என் பெயரைக் கொடுக்கிறேன்.