பூட்டிய பீரோவும் புஸ்தகமும்

(கம்பம் பள்ளத்தாக்கில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச வந்த விஷயம், நூல் நிலையங்களில் புஸ்தகங்களை ஜனங்கள் கண்ணில் படும்படி எடுத்து வைப்பது என்பதாகும். இதற்கும் ஒரு பிரசங்கம் வேண்டுமா என்று சிலர் நினைக்கக் கூடும். ஜவுளிக்கடைக்காரர் புதுச் சேலையைக் கண்ணாடிக்குப் பின்னால் விரித்துத் தொங்கவிடுகிறார். திராட்சை விற்பவர் நல்ல குலையாகப் பார்த்து முன்னால் கட்டுகிறார். போடியில் ஏலக்காய்க்கு விலை கேட்பவர் சாம்பிளைப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. புஸ்தகத்தை மாத்திரம் நாம் முதுகு தெரியும்படி நெருக்கி அடுக்கிப் பீரோவில் பூட்டி, சாவியை மேஜைக்குள் போட்டுவிட்டு, "நம் ஜனங்களுக்குப் படிக்கிற ஆசையே இல்லை" என்று ஜனங்கள் மீதே பழி போடுகிறோம்.

வருஷத்தில் ஒரு நாள் நம் வீடுகளில் புஸ்தகத்திற்கு ஜோடனை நடக்காமலில்லை. சரஸ்வதி பூஜையன்று துடைத்து, அடுக்கி, பொட்டு வைத்து, பூவும் போடுகிறோம். ஆனால் அன்றைக்குத்தான் புஸ்தகத்தைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்கிறார்கள்! கண்ணுக்கு நன்றாய்த் தெரிகிற ஒரே நாளில் கைக்கு எட்டக் கூடாது என்றால் அந்த ஜோடனை யாருக்குப் பிரயோஜனம்? நாம் சொல்லும் ஜோடனை இதற்கு நேர் எதிரிடையானது. பார்த்தவன் கை நீட்ட வேண்டும்; எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். அப்படி எடுத்து எடுத்து அந்தத் தட்டு காலியாகிவிட்டால் அதுவே வெற்றி.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராயிருந்து, 1924-ல் சென்னை யூனிவர்சிட்டி நூல் நிலையத்திற்குத் தலைவரானவர். அவர் 1931-ல் நூலகத்திற்கு ஐந்து விதிகள் என்று எழுதினார். முதல் விதி, புஸ்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. மூன்றாவது, ஒவ்வொரு புஸ்தகத்திற்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. புஸ்தகத்திற்குக் கால் இல்லை. அது தன் வாசகரைத் தேடி நடந்து போகாது. ஆகவே அதைக் கொண்டு போய்ச் சேர்ப்பது நூலகத்தின் வேலை என்றாகிறது. அதே வருஷத்தில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புஸ்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாய்க் கொண்டு போனார்கள். வண்டி கட்டி ஊருக்குள் கொண்டு போன நாட்டில், உள்ளே இருக்கிற புஸ்தகத்தை வாசல் வரைக்கும் கொண்டு வருவதா பெரிய காரியம்?

அன்றியும் இது யாரோ கொடுக்கும் தருமம் அல்ல. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற கூலிக்காரர் வீட்டிலும் அந்த வரி உண்டு. வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பணம் கொடுத்தவனுக்குப் பொருளைக் காட்டாத கடை ஒன்று உண்டா?

எதைக் காட்டுவது என்று கேட்டால், இந்தப் பள்ளத்தாக்கிலேயே விஷயத்திற்குப் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிய அந்த வேலை 1887-ல் ஆரம்பித்து 1895-ல் முடிந்தது. நடுவே வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனதும் உண்டு. அதை நடத்திய பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறோம், மாலை போடுகிறோம், சிலர் வீட்டில் சாமி படங்களோடு அவர் படமும் இருக்கிறது. நன்றி பாராட்டுவது நல்ல குணம்தான். ஆனால் எஞ்சினியரைச் சாமியாக்கிவிட்டால், அவர் செய்தது அற்புதம் ஆகிவிடும். கணக்கும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கூலிக்காரர் உழைப்பும் மறைந்துவிடும்.

ஆதலால் அந்த வாரத்தில் வாசலில் ஒரு பலகை வையுங்கள். "இந்தத் தண்ணீர் எப்படி வந்தது?" என்று உள்ளங்கை அகல எழுத்தில் எழுதுங்கள். கீழே ஒரு மலைப் படம். சுரங்கம் போகும் இடத்தில் நீலக் கோடு. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷத்திற்கு எழுதிய குத்தகையைப் பற்றி நாலு வரி. மெக்கன்சி என்ற எஞ்சினியர் 1899-ல் எழுதிய அணை வரலாறு கிடைத்தால் அதன் சாரத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பென்னிகுவிக் தம் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரில் சொல்லுகிறார்களே, அதையும் எழுதி, "இதற்கு ஆதாரம் என்ன? தேடிப் பாருங்கள்" என்று பக்கத்தில் ஒரு கேள்வி போடுங்கள். கோபித்துக்கொண்டாவது நாலு பேர் உள்ளே வருவார்கள்.

வைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறோம். ஐம்பது புஸ்தகம் வேண்டாம், ஆறு போதும். அட்டை முகம் வெளியே தெரிய வேண்டும். நிற்கிறவர் கண் மட்டத்துக்கு ஒரு தட்டு, குழந்தைகளுக்குத் தாழ்வாய் ஒரு தட்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே பலகை இருந்தால் அதுவும் சுவரோடு சுவராகிவிடும். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்து வந்தவர்கள் அதன் குழந்தைகள் பகுதியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். அதுபோல் மாடி மேல் மாடி நமக்கு வராது. ஆறு புஸ்தகத்தைத் திருப்பி வைக்கக் கட்டடம் எதற்கு?

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவர்கள் பிறந்த நாளில் படத்தை நடுவில் வைத்து மாலை போட்டு, அவர் எழுதிய புஸ்தகங்களைப் பின்னால் பீரோவிலேயே விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடமும் பரவியிருக்கிறது. பெயர்தான் வேறு, அதுவும் பூஜைதான். படம் சிறியதாயிருக்கட்டும், புஸ்தகம் முன்னால் இருக்கட்டும்.

வெளியில் வைத்தால் திருட்டுப் போகும் என்கிறார்கள். போகலாம். ஆனால் பூட்டிய பீரோவில் கரையான் தின்றதற்கு யாராவது கணக்குக் கேட்டதுண்டா? கரையான் கையெழுத்துப் போட்டுவிட்டா எடுக்கிறது? திருடினவனாவது ஒருவேளை படித்திருப்பான்.

விடியுமுன் மலை ஏறி, பொழுது சாய்ந்து இறங்கும் பெண்கள் நூலகம் திறந்திருக்கும்போது வர முடிவதில்லை. அவர்கள் ஜீப்புக்கு நிற்கிற இடத்திலும் ஒரு பலகை வேண்டும். புஸ்தகத்தின் பெயரும், அதில் என்ன இருக்கிறது என்பதும், வீட்டுப் பிள்ளை மூலம் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அதில் இருக்கட்டும். நூலகர் ஒருவர், வேலையோ பல. ஆகவே பலகை, சாயம், ஆணிச் செலவை வாசகர் வட்டத்தார் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் பலகையில் என்ன கேள்வி எழுதலாம் என்பதை, பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் இப்போதே சொல்லட்டும்; எழுதிக்கொள்ள நாம் காகிதம் கொண்டு வந்திருக்கிறோம்.